ரோலர் டிரெய்லரா, பலகை டிரெய்லரா?

மெல்பர்னில் முதல் படகு வாங்கப் போகிறவர்கள் படகின் நீளம், எஞ்சினின் குதிரைத்திறன், மீன் காட்டும் திரையின் அளவு ஆகியவற்றை மாதக்கணக்கில் அலசுகிறார்கள். அந்தப் படகைச் சுமந்துவரும் டிரெய்லரைப் பற்றிக் கேட்டால், "அது படகோடு சேர்ந்து வருவதுதானே" என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் ஆசையாக வாங்கிய படகை ஓரிரு ஆண்டுகளில் விற்றுவிட்டவர்களிடம் பேசிப் பார்த்தால், கடலில் அவர்களுக்குப் பெரிய குறை ஏதும் இருந்திருக்காது. கரையில், படகு இறக்கும் சாய்தளத்தில், பின்னால் பத்து வண்டிகள் காத்து நிற்க, எதிர்க்காற்றில் படகை டிரெய்லரில் ஏற்ற முடியாமல் பட்ட பாடுதான் அவர்களுக்கு அலுப்பைத் தந்திருக்கும். அதனால் டிரெய்லரைத் தனியாக ஒரு முறை உட்கார்ந்து யோசிப்பது நல்லது.

இங்கே ஒப்பிடப்படுபவை, 4.5 மீட்டர் முதல் 6 மீட்டர் வரை நீளமுள்ள அலுமினிய, ஃபைபர் படகுகளுக்கான இரண்டு வகை டிரெய்லர்கள். முதலாவது, ரப்பர் அல்லது பிளாஸ்டிக் உருளைகள் வரிசை வரிசையாகப் பொருத்தப்பட்ட ரோலர் டிரெய்லர். இரண்டாவது, கம்பளம் போர்த்திய மரப் பலகைகளோ வழவழப்பான பிளாஸ்டிக் பட்டை பதித்த நீண்ட தாங்கிகளோ படகின் அடிப்பகுதியைத் தாங்கி நிற்கும் பலகை டிரெய்லர். இதை இங்குள்ள கடைக்காரர்கள் ஸ்கிட் டிரெய்லர் என்பார்கள். வின்ச் எனப்படும், பட்டையும் கொக்கியும் கொண்ட இழுவைக் கருவியைச் சுற்றிப் படகை இழுத்து ஏற்றுவதா, எஞ்சினை ஓட்டியே ஏற்றுவதா என்ற கேள்வியும் இதோடு ஒட்டியே வருகிறது. இவை வெவ்வேறு கேள்விகள் போலத் தோன்றினாலும், ஒன்றுக்குச் சொல்லும் விடை மற்றதற்குச் சொல்லக்கூடிய விடையைக் குறுக்கிவிடுகிறது.

தேர்வு செய்வதற்கு முன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். படகை இறக்குவது எந்த டிரெய்லரிலும் ஏறக்குறைய எளிதுதான். அது காலை நேரம், காற்று எழுந்திருக்காது, உடலில் தெம்பு இருக்கும், ஓதம், அதாவது கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம், எப்படி இருக்கிறது என்று பார்த்தே வந்திருப்போம். திரும்பி வரும்போது இவற்றில் பெரும்பாலானவை மாறிவிட்டிருக்கும். நீர் வற்றியிருக்கலாம், பிற்பகல் கடற்காற்று பக்கவாட்டில் தள்ளலாம், உடன் வந்தவருக்கு வாந்தியெடுத்துக் கண்ணைத் திறக்கவே முடியாமல் இருக்கலாம். ஆகவே இரண்டு டிரெய்லர்களையும் ஏற்றும் நேரத்தை வைத்து, அதிலும் இருப்பதிலேயே மோசமான ஒரு மாலையை வைத்து ஒப்பிடுவதே சரி. விற்பனைக்கூடத்தின் சமதளத் தரையில் இரண்டும் ஒரேபோல் அழகாகத்தான் இருக்கும்.

சரிவும் உராய்வும்

ஆஸ்திரேலியாவில் முறையாகக் கட்டப்பட்ட சாய்தளங்கள் பெரும்பாலும் எட்டுக்கு ஒன்று என்ற சரிவை ஒட்டி அமைந்திருக்கும். அதாவது எட்டு மீட்டர் முன்னால் போனால் ஒரு மீட்டர் இறங்கும். எஞ்சின், பெட்ரோல், சாமான்கள் எல்லாம் சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள ஒரு படகு அந்தச் சரிவில் நிற்கும்போது, அதைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை சுமார் 125 கிலோ எடைக்குச் சமம். நன்றாகச் சுழலும் உருளைகளின் மேல் அந்தப் படகு அமர்ந்திருந்தால் உருளைகள் காட்டும் எதிர்ப்பு எடையில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 50 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். நனைந்த கம்பளப் பலகையின் மேல் இருந்தால் உராய்வை எடையில் பத்தில் மூன்று பங்கு, அதாவது 300 கிலோ என்று கொள்ளலாம். கம்பளத்தின் தேய்மானம், ஈரம், உருளையின் வயது ஆகியவற்றைப் பொறுத்து இந்த இரண்டு எண்களும் ஏறும், இறங்கும். ஆனால் இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி எப்போதும் பெரியதாகவே இருக்கும்.

இரண்டு டிரெய்லர்களின் குணமும் இந்த எண்களிலேயே அடங்கியிருக்கிறது. ரோலர் டிரெய்லரில் கீழே இழுக்கும் 125 கிலோவைத் தடுக்க 50 கிலோதான் இருக்கிறது. வின்ச் கொக்கியைக் கழற்றிய மறுகணம் படகு தானாகவே பின்னோக்கி ஓடும். பலகை டிரெய்லரில் 125 கிலோவை 300 கிலோ தடுத்து நிற்கிறது. வின்ச் பட்டையைக் கழற்றினாலும், நீர் வந்து தூக்கும் வரை படகு அசையாது. திரும்ப ஏற்றும்போது கணக்கு தலைகீழாகிறது. நீர் சிறிதும் தாங்காத நிலையில் ரோலரில் ஏற்ற வின்ச் 175 கிலோ இழுத்தால் போதும். பலகையில் 425 கிலோ இழுக்க வேண்டும். ரோலரில் கரையிலிருந்தபடியே படகை இழுத்து ஏற்றிவிட முடிவதற்கும், பலகையில் படகைப் பாதி மிதக்கவிட்டுத்தான் ஏற்ற முடிவதற்கும் காரணம் இதுதான். ரோலரின் வசதியும் ஆபத்தும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. ஒன்றை ஏற்றுக்கொண்டு மற்றதை வேண்டாம் என்று சொல்ல வழியில்லை.

ரோலர் டிரெய்லர்

ரோலரின் முதல் நன்மை, அதற்கு அதிகத் தண்ணீர் வேண்டியதில்லை என்பது. டிரெய்லரின் சக்கரம் ஓரளவு நனையும் ஆழம் கிடைத்தாலே படகு உருண்டு இறங்கிவிடும். எட்டுக்கு ஒன்று சரிவில் டிரெய்லரை ஒரு மீட்டர் பின்னால் தள்ளினால் 12.5 சென்டிமீட்டர் ஆழம்தான் கூடுகிறது. பலகை டிரெய்லருக்கு 30 சென்டிமீட்டர் கூடுதல் ஆழம் வேண்டுமென்றால், வண்டியை 2.4 மீட்டர் கூடுதலாகப் பின்னால் இறக்க வேண்டும். பத்துக்கு ஒன்று என்ற மந்தமான சரிவில் அதுவே 3 மீட்டராகிவிடும். கேட்பதற்குச் சிறிய தூரம்தான். ஆனால் காரின் பின்சக்கரங்கள் காய்ந்த கான்கிரீட்டில் நிற்பதா, பாசியில் நிற்பதா என்பதை அந்த 3 மீட்டர்தான் தீர்மானிக்கிறது. சாய்தளத்தின் கான்கிரீட் எங்கே முடிகிறதோ அங்கே பெரும்பாலும் ஒரு படி போன்ற பள்ளம் இருக்கும். நீர் வற்றிய வேளையில் கூடுதலாகப் பின்னால் போகிறவர்களின் டிரெய்லர் சக்கரம் அந்த விளிம்பைத் தாண்டி விழுந்துவிட்டால், படகோடு அதை மேலே இழுத்தெடுப்பது பெரும்பாடு.

குறை என்னவென்று பார்த்தால், படகின் முன்மூக்கை டிரெய்லரோடு பிணைக்கும் பாதுகாப்புச் சங்கிலியின் கதையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். நவம்பரின் முதல் செவ்வாயன்று வரும் மெல்பர்ன் கோப்பை விடுமுறையை ஒட்டி, ஸ்னாப்பர் மீன் பருவத்தின் உச்சத்தில், மெல்பர்னை ஒட்டிய போர்ட் பிலிப் விரிகுடாவின் எந்தச் சாய்தளத்துக்குப் போனாலும் வரிசை நீண்டிருக்கும். அந்த அவசரத்தில், வரிசையில் நிற்கும்போதே நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்று வின்ச் கொக்கியையும் சங்கிலியையும் மேலேயே கழற்றிவிடுகிறவர்கள் உண்டு. டிரெய்லர் சரிவில் திரும்பியவுடன் படகு மெல்ல நகரத் தொடங்கும். ஓட்டுநர் பிரேக்கை அழுத்தியதும் அது வேகம் பிடிக்கும். எஞ்சினின் கீழ்நுனி கான்கிரீட்டில் உரசுகிற ஓசை கேட்டுத் திரும்பிப் பார்க்கும்போது, படகின் பின்பாதி தரையிலும் முன்பாதி உருளைகளிலுமாகக் கிடக்கும். ஃபைபர் படகின் வெள்ளை ஜெல்கோட் மேற்பூச்சு சாய்தளத்தின் சொரசொரப்பான வரிப்பள்ளங்களில் மாவாக உதிர்ந்து ஒட்டியிருப்பதைப் பார்த்தவர்கள், அதன்பின் சங்கிலியைத் தண்ணீர் தொட்ட பிறகே கழற்றுவார்கள். ரோலர் டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு இது மாற்றக்கூடாத விதி: டிரெய்லர் நீரில் நின்று, காரின் கை பிரேக் போடப்பட்டு, படகின் முன்கயிறு ஒருவர் கையில் இருந்தாலொழியக் கொக்கியில் கை வைக்கக் கூடாது.

அடுத்தது, தாங்கும் விதம். உருளை எத்தனை இருந்தாலும் ஒவ்வொன்றும் படகைத் தொடுவது ஒரு சிறு கோட்டில்தான். எடை அந்தப் புள்ளிகளில் குவிகிறது. கனமான ஃபைபர் படகை ஆண்டுக்கணக்கில் அப்படியே நிறுத்திவைத்தால், உருளைகளின் அமைப்பு சரியில்லாத இடங்களில் அடிப்பகுதி மெல்லக் குழியும். அலுமினியப் படகிலும், உருளைகள் கீலின் (படகின் அடியில் நடுவே ஓடும் முதுகெலும்பின்) கீழேயோ நீளவாட்டில் ஓடும் வலுவூட்டிகளின் கீழேயோ அமையாமல் வெறும் தகட்டின் மேல் அமர்ந்திருந்தால் பள்ளம் விழும். தவிர, உருளை என்பது அச்சு, பின், தாங்கி என்று பல துண்டுகள் சேர்ந்தது. உப்பு நீரில் அவை துருப்பிடிக்கும், வெயிலில் ரப்பர் வெடிக்கும். சுழலாமல் நின்றுபோன உருளை பலகையைவிட மோசம், ஏனென்றால் அது ஒரே இடத்தில் படகைத் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

பலகை டிரெய்லர்

பலகை டிரெய்லரின் பலம் அதன் எளிமை. நகரும் பாகம் ஏதும் இல்லை, தாங்கும் பரப்பு நீளமானது, நெடுஞ்சாலையில் குலுங்கும்போது படகு அதன் மேல் அழுந்தி உட்கார்ந்துகொள்ளும். மெல்பர்னிலிருந்து லேக்ஸ் என்ட்ரன்ஸ் வரை முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் இழுத்துச் செல்கிறவர்களுக்கு இது சிறிய விஷயம் அல்ல. விலையும் பொதுவாகக் குறைவு, எடையும் சற்றுக் குறைவு. எஞ்சினை ஓட்டி ஏற்றும்போது இரண்டு பலகைகளும் ஒரு பள்ளத்தாக்குப் போல் அமைந்து படகைத் தாமே நடுவுக்குக் கொண்டுவந்துவிடும்.

ஆனால் அந்த நடுவுக்குக் கொண்டுவரும் வேலை, டிரெய்லர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பதைச் சார்ந்தது. இதில்தான் புதியவர்கள் பலரும் தடுமாறுகிறார்கள். படகு தானாக மிதந்து வந்து உட்காரட்டும் என்று டிரெய்லரை மிக ஆழத்தில் இறக்கிவிடுகிறார்கள். அப்போது பலகைகள் முழுவதும் மூழ்கி, படகு எதையும் தொடாமல் அவற்றின் மேல் மிதக்கும். சிறு பக்கக்காற்றே அதைக் கோணலாக்கிவிடும். வண்டியை மேலே இழுத்தபின் பார்த்தால் ஒரு பக்கம் மட்கார்டில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். மறுபடியும் இறக்கி, மறுபடியும் ஏற்ற வேண்டும். முதலில் டிரெய்லரை ஆழமாக இறக்கிப் பலகைகளை முழுக்க நனைத்துக்கொண்டு, பிறகு முன்னால் ஏற்றி, பலகைகளின் முன்பகுதி மூன்றில் ஒரு பங்கு நீருக்கு வெளியே தெரியும்படி நிறுத்துவதே நல்ல தொடக்கம். படகின் முன்மூக்கு பலகைகளில் பிடிப்புக் கொள்ளும்; பின்பகுதி மிதந்தபடியே இருக்கும். சரிவு அதிகமுள்ள சாய்தளத்தில் இன்னும் குறைவான ஆழமும், மந்தமான சரிவில் சற்று அதிக ஆழமும் வேண்டியிருக்கும். ஒரே சாய்தளத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறவர்கள், மட்கார்டின் எந்த மட்டம் வரை நீர் வர வேண்டும் என்று ஓர் அடையாளம் வைத்துக்கொள்கிறார்கள். இதைவிடப் பயனுள்ள உத்தி வேறில்லை.

பலகையின் உண்மையான குறை உப்பு. கம்பளம் கடல்நீரைக் குடித்து, காய்ந்து, உப்பைத் தன்னுள் வைத்துக்கொள்கிறது. ஃபைபர் படகுக்கு இதனால் பெரிய கேடில்லை. அலுமினியப் படகின் அடித்தகடு மாதக்கணக்கில் ஈர உப்புக் கம்பளத்தின் மேல் அழுந்திக் கிடந்தால், பார்வைக்குப் படாத அந்த இடத்தில் அரிப்புப் புள்ளிகள் தோன்றும். பலகை என்ன மரம் என்பதும் முக்கியம். தோட்ட வேலிக்குப் பயன்படுத்தும், செம்புச் சேர்மம் ஏற்றிய பைன் மரத்தை மலிவாகக் கிடைக்கிறதே என்று டிரெய்லர் பலகையாக மாற்றிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் செம்பும் உப்பு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் வேகமாக அரிபடும். அலுமினியப் படகுக்குக் கம்பளம் வேண்டாம், கடினமான பிளாஸ்டிக் பட்டை பதித்த தாங்கிகளே போதும் என்பது என் கருத்து. அதில் உராய்வும் குறைவு. ஆனால் உராய்வு குறைந்தால் மேலே சொன்ன சங்கிலி விதி இங்கேயும் பொருந்தத் தொடங்கிவிடும்.

டிரெய்லரை அதிக ஆழத்தில் இறக்குவதன் விலையைச் சக்கர பேரிங்குகள்தான் கொடுக்கின்றன. ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓடிவந்த சக்கரத்தின் நடுக்குடம், அதாவது ஹப், சூடாக இருக்கும். அதற்குள் இருக்கும் காற்றும் விரிந்திருக்கும். அதை உடனே குளிர்ந்த கடல்நீரில் அமிழ்த்தினால் உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, தேய்ந்த சீலின் இடுக்கு வழியாக நீரை உள்ளே இழுக்கும். கிரீஸில் கலந்த உப்புநீர் பேரிங்கை அரிக்க, சில மாதங்கள் கழித்து நெடுஞ்சாலையில் சக்கரம் சூடேறி நின்றுபோகும். இதற்கு மருந்து எளிது: சாய்தளத்துக்கு மேலே தனியாக ஒதுக்கப்பட்ட இடத்தில் வண்டியை நிறுத்தி, வடிகால் அடைப்பைத் திருகி, படகை டிரெய்லரோடு கட்டிய பின்பட்டைகளைக் கழற்றி, சாமான்களை ஏற்றும் அந்தக் கால் மணி நேரத்தில் ஹப்பும் ஆறிவிடும். ரோலர் டிரெய்லர் வைத்திருப்பவர் பல சாய்தளங்களில் ஹப்பை நனைக்காமலேயே வேலையை முடித்துவிட முடியும். பலகை டிரெய்லர்காரருக்கு அந்த வாய்ப்பு அரிது.

வின்ச்சா, எஞ்சினா?

எஞ்சினை ஓட்டி ஏற்றுவதைப் பார்க்க அழகாக இருக்கும்: படகு நேராக வந்து, பலகைகளின் மேல் ஏறி, முன்மூக்கு ரப்பர் கட்டையில் முட்டி நிற்கும், யாரும் காலை நனைக்க வேண்டியதில்லை. முன்மூக்கைத் தானாகக் கவ்விப் பிடிக்கும் பூட்டுப் பொருத்தியிருந்தால் வின்ச்சைத் தொடவே தேவையில்லை. வடக்கு ஆஸ்திரேலியாவில் இதற்கு வேறொரு வலுவான காரணமும் உண்டு. டார்வினில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் 8 மீட்டர் வரை போகும். சாய்தளங்கள் நீளமானவை, கீழ்ப்பகுதி முழுவதும் வழுக்கும் சேறு. உப்புநீர் முதலைகள் சாய்தளத்துக்கே வரும். அங்கே முழங்கால் நீரில் நின்றபடி கொக்கியை மாட்டுவது பேச்சுக்கே இடமில்லாதது. எஞ்சினை ஓட்டி ஏற்றும் டிரெய்லரே அங்கே நியாயமான தேர்வு. நீர் வற்றும் நேரத்தைத் தவிர்க்க ஓத அட்டவணையைப் பார்த்தே பயணத்தை வகுக்கிறார்கள்.

மெதுவாக ஓட்டி ஏற்றுவது வேறு, கடைசி அரை மீட்டருக்காக எஞ்சினை முறுக்கித் தள்ளுவது வேறு. புரொப்பெல்லர் பின்னால் தள்ளும் நீர், கான்கிரீட் முடியும் இடத்திலுள்ள சரளையையும் மண்ணையும் அரித்து, அங்கே குழியையும் அதற்கப்பால் மேட்டையும் உண்டாக்குகிறது. அந்தக் குழியில் டிரெய்லர் சக்கரங்கள் இறங்குகின்றன. அந்த மேட்டில் எஞ்சின்கள் இடிக்கின்றன. அமெரிக்காவின் மின்னசோட்டா, விஸ்கான்சின் மாநிலங்களின் இயற்கை வளத் துறைகள் இந்தப் பழக்கத்தைக் கைவிடும்படி படகுக்காரர்களைக் கேட்டுக்கொள்வது இதனால்தான். இங்கே பெரும்பாலான சாய்தளங்களில் தடை இல்லை என்றாலும், எஞ்சினைச் சற்று உயர்த்தி, மிகக் குறைந்த வேகத்தில் கொண்டுவந்து, கடைசித் தூரத்தை வின்ச்சிடம் விடுவதே பொதுச்சொத்துக்கும் நம் எஞ்சினுக்கும் நல்லது. உயர்த்தும்போது, குளிர்நீர் உறிஞ்சும் துளை நீருக்குள் இருக்கிறதா என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வின்ச்சில் ஏற்றுவது மெதுவானது. ஆனால் கட்டுப்பாடு நம் கையில் இருக்கிறது. ரோலர் டிரெய்லரோடு அது மிகவும் ஒத்துப்போகும். இதில் கவனிக்க வேண்டிய ஆபத்து, கைப்பிடி. பற்சக்கரத்தின் தடுப்பு நாக்கு விழாத நிலையில் படகின் எடை கைப்பிடிக்கு வந்துவிட்டால், அது விசிறியைப் போலத் தாறுமாறாகச் சுழலும். அதைக் கையால் பிடிக்கப் போகிறவரின் மணிக்கட்டு எலும்பு முறியும். வின்ச் பட்டையையும் அவ்வப்போது முழுதாக உருவிப் பார்க்க வேண்டும். வெளியே தெரியும் பகுதி புதிதாகவே இருக்கும். வின்ச்சின் உருளையோடு சேர்ந்த உட்சுற்றிலும், கொக்கியைச் சுற்றித் தைத்த மடிப்பிலும்தான் நூல்கள் பஞ்சு போல் எழும்பி நிற்கும். அதைக் கண்டால் மாற்றிவிட வேண்டும். மின்சார வின்ச் தோள்வலி உள்ளவர்களுக்கும் தனியாகப் போகிறவர்களுக்கும் உதவும்தான். ஆனால் உப்புநீரில் நனையும் மோட்டார் என்றைக்காவது நின்றுபோகும் என்பதால், கையால் சுழற்றவும் வழியுள்ள ஒன்றையே வாங்க வேண்டும்.

எந்த இடத்துக்கு எது

போர்ட் பிலிப் விரிகுடாவின் வாய் குறுகலானது என்பதால் உள்ளே ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. கேரம் பகுதியிலுள்ள பேட்டர்சன் ஆற்றுச் சாய்தளம் போன்ற, ஆற்றுக்குள் அமைந்த இடங்களில் அலையும் இல்லை. இத்தகைய இடங்களையே பெரும்பாலும் பயன்படுத்துகிறவர்களுக்குப் பலகை டிரெய்லர் போதும். ரோலரின் முதன்மையான நன்மை அங்கே வீணாகத்தான் போகும். மெல்பர்னிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள வெஸ்டர்ன் போர்ட்டில் ஓதம் 3 மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. நீர் வற்றினால் சேற்றுத் திட்டுகள் பரந்து தெரியும். அங்கே காலையில் நிறைந்த நீரில் இறக்கிவிட்டு, பிற்பகலில் சாய்தளத்தின் அடிமுனையில் ஏற்ற வேண்டிய நிலை அடிக்கடி வரும். ரோலர் டிரெய்லருக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை ஒரே பருவத்தில் அந்த இடம் நியாயப்படுத்திவிடும். எய்ல்டன் ஏரி போன்ற நீர்த்தேக்கங்களில் ஓதம் இல்லை. ஆனால் வறட்சி ஆண்டுகளில் நீர்மட்டம் பல மீட்டர் இறங்கி, சாய்தளத்தின் கீழ்முனைக்கே நம்மைக் கொண்டுபோகும். அங்கும் குறைந்த நீரில் வேலை செய்யும் டிரெய்லருக்கே மதிப்பு.

இழுக்கும் வண்டியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முன்சக்கர இழுவை கொண்ட கார் சரிவில் ஏறும்போது எடை பின்னால் சாய்ந்து, முன்சக்கரங்களின் பிடிப்புக் குறைகிறது. பின்சக்கர இழுவை வண்டியில் எடை உதவுகிறது. ஆனால் அந்தச் சக்கரங்கள்தாம் பாசியில் நிற்கின்றன. நான்கு சக்கர இழுவை இல்லாதவர்களுக்கு, வண்டியை மேலேயே வைத்திருக்க உதவும் ரோலர் டிரெய்லர் ஒரு படி முன்னால் நிற்கிறது. வண்டியை மகனோ மகளோ ஓட்டட்டும் என்று எண்ணும் பெற்றோர் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது: மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் பழகுநர் உரிமத்திலும் முதல் நிலைத் தற்காலிக உரிமத்திலும் பொதுவாக டிரெய்லர் இழுக்க அனுமதி இல்லை.

எடை பற்றி ஒரு சொல். டிரெய்லரின் சக்கரங்கள் தாங்கும் மொத்தச் சுமை 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் கட்டாயம். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக்கும், டிரெய்லர் பிய்த்துக்கொண்டால் தானாக இயங்கும் அமைப்பும் வேண்டும். 4.5 மீட்டர் அலுமினியப் படகு அந்த முதல் எல்லையை ஒட்டியே நிற்கும். கனமான ரோலர் டிரெய்லரும் நிரம்பிய பெட்ரோல் தொட்டியும் அதைத் தாண்டவைத்துவிடலாம். உப்புநீரில் நனையும் பிரேக் என்பது பராமரிப்புச் செலவில் தனிக் கணக்கு. வாங்குமுன், சாமான்களோடு எடைமேடையில் நிறுத்திப் பார்ப்பது நல்லது.

தனியாகப் போகிறவருக்கும் துணையோடு போகிறவருக்கும் ஒரே விடை பொருந்தாது. கொக்கியைக் கழற்றியதும் ஓடிவிடும் ரோலர் படகை ஒருவரே கையாள வேண்டுமானால், முன்மூக்கிலிருந்து வின்ச் தூணுக்கு நீண்ட கயிறொன்றைக் கட்டிவைத்துத்தான் இறக்க முடியும். பலகை டிரெய்லரில் தனி ஆளின் பாடு எளிது. படகு பலகையில் நின்றபடியே அவருக்காகக் காத்திருக்கும். துணைக்கு ஒருவர் எப்போதும் இருப்பார் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் இந்த வேறுபாட்டைப் புறக்கணிக்கலாம். மனைவி வருவார், தம்பி வருவான் என்பது முதல் ஆண்டுக்கு மட்டும் பொருந்தும் கணக்கு.

இவற்றையெல்லாம் எடைபோட்டால், போர்ட் பிலிப்பிலேயே பெரும்பாலும் மீன்பிடிக்கப் போகிற, 5 மீட்டரை ஒட்டிய படகு வைத்திருக்கும் ஒருவருக்கு நான் பரிந்துரைப்பது இரண்டும் கலந்த வகை: நடுவில் கீலைத் தாங்கச் சில உருளைகள், இருபுறமும் பிளாஸ்டிக் பட்டை பதித்த பலகைகள். எடையின் பெரும்பகுதி உருளைகளில் இறங்கி வின்ச்சின் வேலையைக் குறைக்கும்; பலகைகள் படகைச் சாயாமல் நடுவில் நிறுத்தும். வெஸ்டர்ன் போர்ட்டையோ நீர்த்தேக்கங்களையோ நம்பியிருப்பவர் முழு ரோலரையே வாங்கட்டும். 6 மீட்டரை நெருங்கும் கனமான ஃபைபர் படகுக்கு, ஆழமான சாய்தளம் அருகிலிருந்தால், முழுப் பலகையே மேல். ஆண்டில் ஐந்தாறு முறைதான் கடலுக்குப் போவோம் என்று தெரிந்திருப்பவர்கள், படகைத் தட்டுகளில் அடுக்கிவைத்து, அழைத்தால் நீரில் இறக்கித் தரும் தனியார் படகுக்கூடங்களின் ஆண்டுக் கட்டணத்தையும் ஒருமுறை விசாரித்துப் பார்க்கலாம். கட்டணம் அதிகம்தான், ஆனால் சாய்தளமே தேவையில்லை.

பழைய படகை டிரெய்லரோடு வாங்குவதானால், டிரெய்லர் அந்தப் படகுக்காகவே அமைக்கப்பட்டதா என்பதைப் பார்க்க வேண்டும். படகின் பின்சுவருக்கு நேர் கீழே கடைசி உருளையோ பலகையின் முனையோ வந்து முடிய வேண்டும். எஞ்சின் தொங்குவது அங்கேதான் என்பதால், தாங்கி ஒரு முழம் முன்னதாகவே நின்றுவிட்டால் அடிப்பகுதி நாளடைவில் கீழ்நோக்கி வளையும். இதைக் கண்டறிய, நேரான ஒரு நீண்ட சட்டத்தைப் படகின் அடியில் பின்முனையிலிருந்து முன்னோக்கி வைத்து, இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தால் போதும். பிறகு ஒரு பக்கச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுழற்ற வேண்டும். கரகரவென்று ஓசை வந்தாலோ, சக்கரத்தின் மேல்விளிம்பைப் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தாலோ, பேரிங் மாற்றும் செலவை விலையிலிருந்து கழித்துக்கொண்டு பேச்சைத் தொடரலாம்.